ஈரமில்லாத மண்ணில் எழுப்பிய வளைவு

தடம் வெட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மட்டம் பார்ப்பதையும் சரிவு அளப்பதையும் நான் சொல்லித்தரத் தேவையில்லை. அதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. டர்ட் பைக்குகளுக்கு மலைச்சரிவில் தடம் போட்டே பிழைத்து ஓய்வு பெற்றவன் நான். உங்களிடம் ஒரு பிற்பகலைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். வேலை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது கெட்டுப்போயிருப்பது உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். அப்படி ஒரு பிற்பகல் உங்களுக்கும் வரும். எனக்கு முதல் தடத்திலேயே வந்தது. அன்று நான் நடந்துகொண்ட விதத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். சோலூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் ரோடு சூப்பர்வைசராக இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு மலை ஏறியவன். டிராக்டர் ரோடு, வாய்க்கால், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் படிக்கட்டு என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விலை விழுந்ததும் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பார்கள். வாரத்துக்கு ஆறு பேர் போட்டவர்களுக்கு இரண்டு கிடைத்தாலே பெரிது என்றாகிவிட்டது. சிலர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போனார்கள். லைனில் பூட்டிய கதவுகள் வாரத்துக்கு வாரம் கூடின.

எஸ்டேட்டின் வடக்கு முனை மசினகுடிப் பக்கம் பார்த்துச் சரியும். ஊட்டியில் மழை கொட்டும் நாளிலும் அங்கே வெறும் தூறலோடு நின்றுவிடும். அந்தச் சரிவில் வைத்த தேயிலை ஒருநாளும் உருப்படியாக வளர்ந்ததில்லை. விலை விழுந்த பிறகு அதைக் கவனிக்கவும் ஆளில்லை. கோயமுத்தூரிலிருந்து ஒரு பைக் கிளப் அந்தச் சரிவை வாடகைக்குக் கேட்டு வந்தபோது, மேனேஜருக்குச் சாமி வரம் கொடுத்தது போல இருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

“ரோடு போடத் தெரியுமில்ல? இதுவும் ரோடுதான்யா. அகலம் கம்மி, அவ்வளவுதான்.”

கிளப்பின் செக்ரட்டரி சண்முகசுந்தரம். கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு நாள் என்னோடு சரிவு முழுக்க நடந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். ஐந்து இடங்களில் வெளி ஓரத்தில் மண்ணை அணைபோலக் கூட்ட வேண்டும் என்றார். அவர்கள் பாஷையில் அதற்குப் பெர்ம் என்று பெயர். அது எதற்கு என்று கேட்டேன்.

“வளைவுல நாங்க ஹேண்டிலைத் திருப்பறதில்லீங்க. வண்டியோட சாஞ்சு அந்த மண்ணு மேல ஏறுவோம். மண்ணு எங்களைத் தாங்கித் திருப்பி விட்டுரும். அது தாங்கும்னு நம்பித்தான் வேகத்தைக் குறைக்காம வர்றதுங்க.”

இருபத்திரண்டு பேரை வேலைக்குப் போட்டார்கள். பெரும்பாலும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள். அவர்களுக்குப் பொறுப்பு புஷ்பம். சின்ன வயதில் பெற்றோரோடு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். நாற்பது வயதைத் தாண்டியவர். வீட்டுக்காரர் நெஞ்சுச் சளியோடு படுத்துக் கிடந்தார். மகள்கள் இரண்டு பேர். அந்த வருடம் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தத் தடத்தால்தான். அந்த இருபத்திரண்டு வீட்டிலும் அதே கதைதான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். காய்ந்த மண்ணை எவ்வளவு இடித்தாலும் அது இறுகாது. ஈரம் வேண்டும். அந்த வருடம் தை மாதத்து உறைபனி தேயிலையைக் கருக்கிவிட்டுப் போன பிறகு ஒரு துளி மழை இல்லை. லைன் வீடுகளுக்கே இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர். முதல் வளைவுக்கு டிராக்டரில் தண்ணீர் டாங்கியைக் கொண்டு போனேன். லைனைக் கடக்கும்போது பெண்கள் குடத்தோடு வாசலில் நின்றார்கள். டாங்கி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் டிராக்டரை அனுப்பவில்லை. மேனேஜரும் தண்ணீர் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டிருந்தார். அவர் சொன்னதும் என் மனசாட்சி சொன்னதும் ஒன்றாக இருந்ததால் நான் செய்வது சரி என்று நினைத்துக்கொண்டேன்.

மீதி நான்கு வளைவுகளைக் காய்ந்த மண்ணிலேயே எழுப்பினோம். கூடை கூடையாகக் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்தோம். கடைசியில் இரண்டு தகரம் தண்ணீரை மேலாகத் தெளித்து மெழுகிவிட்டோம். வெயிலில் காய்ந்ததும் பூசிய சுவர்போல நின்றது. புஷ்பம் ஒருநாள் திமிசை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஐயா, இடிக்க இடிக்க மண்ணு ஒதுங்குதுங்க. இறுக மாட்டேங்குது.”

“மேல தண்ணி தெளிச்சா சரியாயிருங்க” என்றேன். அவர் மறுபடி திமிசைத் தூக்கினார்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. வெள்ளிக்கிழமை காலையில் சண்முகசுந்தரம் மட்டும் தன் வண்டியோடு ஓட்டிப் பார்க்க வந்தார். நானும் புஷ்பமும் மூன்றாவது வளைவுக்கு மேலே நின்றிருந்தோம். முதல் வளைவில் அவர் திரும்பியது கண்ணுக்கு அழகாக இருந்தது. இரண்டாவதை மெதுவாக எடுத்தார். அங்கே நம்பிக்கை வந்திருக்க வேண்டும். மூன்றாவதற்கு வேகமாக வந்து சாய்ந்து ஏறினார். முன் சக்கரம் மண்ணுக்குள் போனது. அணை உடைந்து சரிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. தூசிதான் எழும்பியது. தூசி அடங்கியபோது வண்டி மட்டும் தடத்தில் கிடந்தது. அவர் பத்தடி கீழே பழைய தேயிலைச் செடிகளுக்கு நடுவே கிடந்தார். செடிகள்தான் அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தன. அதற்கும் கீழே பள்ளம்.

தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. விலாவிலும் அடி. ஜீப்பில் ஏற்றும்போது வலியோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தப்பு என்னுதுங்க. ஆசையில கொஞ்சம் கூட முறுக்கிட்டேன். உங்க வேலையில ஒரு குறையும் இல்லீங்க.”

நான் தலையை ஆட்டினேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் எதையும் யோசிப்பதற்கு முன்பே என் தலை ஆடிவிட்டது.

ஜீப் போன பிறகு, பிற்பகலில் மேனேஜர் வந்து பார்த்தார். உடைந்த இடத்தை அன்று மாலைக்குள் சரிசெய்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையை மாற்ற முடியாது, சனிக்கிழமை மதியம் கிளப் ஆட்கள் பயிற்சிக்கு வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு மேலே கம்பெனி இருந்தது. இந்தத் தடமும் சரிவரவில்லை என்றால் எஸ்டேட்டின் இந்த டிவிஷனையே மூடிவிடலாம் என்று அங்கே பேச்சு.

நான் கடப்பாரையை எடுத்து அணையின் உடையாத பகுதியில் ஊன்றினேன். அழுத்தவே இல்லை. முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. திரும்பினால் புஷ்பம் நின்றிருந்தார்.

“உள்ள மாவா இருக்குங்களே.”

“ம்.”

“தொரைகிட்ட சொல்லப் போறீங்களா?” மேனேஜரைத்தான் சொன்னார்.

நான் கடப்பாரையை உருவினேன்.

“சொன்னா நிப்பாட்டிருவாங்க ஐயா. இந்த மாசம் எங்களுக்கு வேற பேரு கிடையாது. உங்களுக்குத் தெரியாததா. வளைவை இடிச்சிட்டு நேரா விட்டுருங்க. ஏன் எதுக்குன்னு யாருகிட்டயும் சொல்ல வேணாம்.”

“நேரா விட்டா பள்ளத்துலதான் போய் விழணும்.”

“அப்ப இன்னும் நல்லா இடிப்போம்.”

“தண்ணிக்கு எங்க போறது?”

உடைந்த இடத்தில் மண்ணைக் கொட்டி மெழுகச் சொன்னேன். மெழுகினார்கள். மாலையில் பார்த்தால் பழையபடி சுவர்போல நின்றது.

அன்று ராத்திரி வீட்டில் தனியாக இருந்தேன். என் மனைவி பிரசவத்துக்காகப் பொள்ளாச்சிக்குப் போயிருந்தாள். வேலை போனால் என்ன செய்வது என்று நினைத்தேன். அடிபட்டவரே தப்பு என்னுடையது என்று சொன்ன பிறகு நான் எதற்குக் கிளற வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். தொங்கத் தொங்க அது நிஜம் போலவும் தோன்ற ஆரம்பித்தது. ஒருவேளை உண்மையிலேயே வேகம்தான் காரணமோ? உடனே கடப்பாரை உள்ளே போனது கையில் தெரியும்.

சனிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போனேன். ஆளைப் பார்த்து நலம் விசாரிக்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சண்முகசுந்தரம் கட்டுப்போட்ட கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வாங்க, வாங்க. இதுக்குன்னு இவ்வளவு தூரம் வரோணுமா?”

அவர் சிரித்ததும் என்னால் முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் இல்லாமல் கட்டியதை, மேலே மெழுகியதை, கடப்பாரை உள்ளே போனதை, மறுபடியும் மெழுகியதை. அவருடைய மனைவி உரித்த ஆரஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். சண்முகசுந்தரம் கேட்டது வேறு.

“எத்தனை வளைவு அப்படி இருக்குதுங்க?”

“மூணாவது...”

“அது எனக்குத் தெரியும். மத்தது?”

ஒரு பகல், ஓர் இரவு முழுக்க நான் மூன்றாவது வளைவை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் விழுந்த இடம் அது. என் குற்றம் தெரிந்த இடம் அது. அதேபோல இன்னும் மூன்று நிற்பது எனக்குத் தோன்றவே இல்லை. தன்னுடைய தப்பை நினைத்து மருகுகிறவனுக்கு அடுத்த ஆபத்து கண்ணில் படாது. நீங்கள் என்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தவறு தெரிந்ததும் முதலில் எண்ண வேண்டியது, அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்பதைத்தான். வருத்தப்படுவதற்கு அப்புறம் எவ்வளவோ நேரம் கிடைக்கும்.

“நாலுங்க” என்றேன்.

“நம்ம ஆளுக இன்னைக்கு ஓட்ட வர்றாங்களே.”

“மத்தியானம்தானுங்களே?”

“இல்லீங்க. சீக்கிரமா ஓட்டிட்டு வந்து என்னைப் பார்க்கறதா விடியக்காலையிலயே போன் பண்ணாங்க. பத்து மணிக்கெல்லாம் அங்க இருப்பாங்க.”

சுவர்க் கடிகாரத்தில் பத்தாக ஏழு நிமிடம் இருந்தது.

எதிரே டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். உள்ளே ஒருவர் யாருக்கோ கல்யாண மண்டபம் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். எஸ்டேட் ஆபீசில் கிளார்க் எடுத்தார்.

“ரெண்டு வண்டி இப்பத்தானுங்க மேல போச்சு. மேனேஜர் ஃபேக்டரியில இருக்காரு.”

“வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. வளைவெல்லாம் உடையும். ஓடுங்க.”

“இங்கிருந்து ஓடினா இருபது நிமிஷம் ஆகுமுங்களே.”

“அப்ப ஃபேக்டரி சங்கை ஊதச் சொல்லுங்க. நேரங்கெட்ட நேரத்துல ஊதினா என்னமோ ஆச்சுன்னு நின்னுருவாங்க.”

“மேனேஜர் சொல்லாம எப்படிங்க ஊதறது?”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க. என் வேலை போனாப் போகட்டும்.”

மறுமுனையில் ரிசீவரை வைத்த சத்தம் கேட்டது. அவர் போனாரா, பயந்துபோய் உட்கார்ந்துவிட்டாரா என்று தெரியவில்லை.

சண்முகசுந்தரத்தின் கார் டிரைவர் என்னை ஏற்றிக்கொண்டார். ஊட்டியிலிருந்து சோலூர் எத்தனை வளைவு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எதிரே ஜீப் எதுவும் வரவில்லை. அடிபட்டிருந்தால் இந்நேரம் ஜீப் வந்திருக்க வேண்டும், அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு நிமிடம் நினைப்பேன். ஜீப்பில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருக்கலாம் என்று அடுத்த நிமிடம் நினைப்பேன். டிரைவர் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று இன்றுவரை தெரியாது.

சரிவுக்கு மேலே காரிலிருந்து இறங்கினால் இன்ஜின் சத்தமே இல்லை. அந்த அமைதிக்கு நான் பயந்ததுபோல எதற்கும் பயந்ததில்லை. இறங்கி ஓடினேன்.

முதல் வளைவைத் தாண்டியதும் தடத்தில் இரண்டு வண்டிகளும் நின்றுகொண்டிருந்தன. ஓட்டிகள் இருவரும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே, இரண்டாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் ஆள் உயரத்துக்குக் குறுக்கே குவிந்திருந்தன. விறகுக்கு என்று வெட்டிக் கட்டிய அந்த மிலாறுக் கட்டுகளின் மேல் புஷ்பமும் நான்கு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

சங்கு ஊதவே இல்லை. கிளார்க் அனுமதி வாங்க மேனேஜரைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார். வண்டிகள் லாரியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததுமே புஷ்பம் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து அடைத்துவிட்டிருந்தார்.

“என்னய்யா நடக்குது இங்க? கேட்டா ஐயா வரட்டும்னு ஒரே பதில். எந்த ஐயா?” என்றார் மேனேஜர்.

புஷ்பம் என்னைப் பார்த்தார். காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதை எனக்காக விட்டுவைத்திருந்தார்.

நான் சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டாவது வளைவில் கடப்பாரையை ஊன்றிக் காட்டினேன். பிறகு நான்காவதில், ஐந்தாவதில். கத்திக்கொண்டிருந்த ஓட்டிகளில் ஒருவர் குனிந்து அந்தத் துளையில் கையை விட்டு ஒரு பிடி மண்ணை எடுத்தார். விரல்களுக்கு நடுவே கோதுமை மாவுபோல ஓடியது. அவர் அப்படியே தடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

விழா நின்றுபோனது. மறுநாளே வேலையையும் நிறுத்தினார்கள். கோடை மழை வரும்வரை ஏழு வாரம் அந்த இருபத்திரண்டு பேருக்கும் பேர் இல்லை. என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மறுபடி கட்டுவதற்கு ஆள் வேண்டும், அது இவராகத்தான் இருக்க வேண்டும் என்று சண்முகசுந்தரம் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். தப்பை வந்து சொன்ன ஆள் அடுத்த தடவை மறைக்கமாட்டான் என்றாராம். கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு அவரே வந்து என்னோடு மறுபடி நடந்தார். மண்ணைக் கூட்ட வேண்டிய இடங்களையெல்லாம் தவிர்த்து, மலையே எழும்பி நிற்கும் இடங்களுக்கு வளைவுகளை மாற்றினோம். காய்ந்த நிலத்தில் கூட்டிய மண்ணைவிட வெட்டிய மண் உறுதி என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். தவிர்க்க முடியாமல் கூட்ட வேண்டியிருந்த ஒரே ஒரு வளைவை, மழை பெய்து மண் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்துக்கு வந்த பிறகு எழுப்பினோம். தடம் வைகாசியில் சத்தமில்லாமல் திறந்தது. நான் அங்கே இருந்தவரை யாருக்கும் பெரிய அடி பட்டதில்லை.

அந்த ஏழு வாரமும் லைன் பக்கம் போகவே எனக்குக் கூசியது. தண்ணீருக்காக நான் யாரைப் பார்த்து இரக்கப்பட்டேனோ அவர்கள் வீட்டில்தான் உலை ஏறவில்லை. நான் சம்பளத்தோடு உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் வாசலைக் கடந்தால் டீ குடிக்கக் கூப்பிடுவார்கள். அது நின்றுபோயிருந்தது.

மூன்றாவது வாரம் புஷ்பம் குடும்பத்தோடு திருப்பூருக்குக் கிளம்புவதாகக் கேள்விப்பட்டுச் சோலூர் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். வீட்டுக்காரர் சால்வையைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மகள்கள் இருவரும் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மழை பேஞ்சதும் வேலை ஆரம்பிச்சிருமுங்க. நான் ஆளனுப்பறேன்” என்றேன்.

“மழை எப்ப பேயும்னு யாருக்குத் தெரியும். பனியன் கம்பெனியில தங்கச்சி புருசன் சொல்லி வச்சிருக்காரு.”

எனக்கு ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது. “யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு சொன்னது நீங்கதானே. அப்புறம் எதுக்குங்க போய்த் தடத்தை அடைச்சீங்க?”

“சொல்ல வேணாம்னுதானே சொன்னேன். ஆளைச் சாகவிடச் சொல்லலையே.” மூட்டையின் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “நீங்க வெள்ளிக்கிழமையே தொரைகிட்ட பேசியிருந்தா நான் அங்க போய் உக்காந்திருக்க வேண்டியதில்ல ஐயா. எல்லாருக்கும் மழைக்கப்புறம் வேலைன்னு சொன்னாரு. எனக்கு மட்டும் இல்லையாம். வண்டியை மறிச்சவளுக்குப் பேரு கிடையாதுன்னுட்டாரு.”

அது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னேன். அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். பஸ் வந்தது. வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக ஏற்ற நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போனேன். அடைக்கச் சொன்னது நான்தான் என்று பொய்யாவது சொல்லலாம் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனேன். அவர் ஏதோ பைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பத்தின் பெயரைச் சொன்னதும் தலையைத் தூக்காமலே பேசினார்.

“அது முடிஞ்சுபோன விஷயம். லேபர் இன்னைக்கு வண்டியை மறிப்பாங்க, நாளைக்கு ஃபேக்டரி கேட்டை மறிப்பாங்க. உன்னைக் காப்பாத்த கிளப்காரரு இருந்தாரு. இதோட விட்டுரு.”

விட்டுவிட்டேன். குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பேசாமல் இருந்ததற்கு வெள்ளிக்கிழமை எனக்குக் கிடைத்த காரணங்களைப் போலவே இதுவும் நல்ல காரணம்தான்.

மழைக்குப் பிறகு வேலை தொடங்கிய காலையில் ஆட்களின் பெயரும் வருகையும் பதியும் செக்ரோல் புத்தகத்தை என்னிடம் கொடுத்துப் பெயர் கூப்பிடச் சொன்னார்கள். வரிசையில் முதல் பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. நான் இரண்டாவது பெயரிலிருந்து கூப்பிட்டேன்.